உலகம் சுற்றிய தமிழர்

பயணத்தை விரும்பாதவர் உலகில் மிகச் சிலரே. புதிய ஊர்களைக் காண்பதும், புதிய மக்களோடு பழகுவதும், கண்டு மீண்டவற்றை நண்பரோடு கூடியிருந்து பேசுவதும் மனிதர்க்கு இயல்பாய் அமைந்த இன்பங்கள். இம்மூன்றனுள் இறுதியில் கூறியதே தலைசிறந்தது எனலாம். ஒருவன் தனியே கண்டு மகிழ்ந்த காட்சி அவன் மனத்தோடு மறைந்துவிடும். பிறரோடு பகிர்ந்துகொண்ட காட்சியோ பலர் மனத்தில் நிலைத்து வாழும். இவ்வுண்மையை நன்குணர்ந்து, தாம் கடல் கடந்து கண்டவற்றையெல்லாம் தமிழ் மக்களுக்கு வாரி வழங்கியவர் ஒருவர் இருந்தார். அவரே ‘உலகம் சுற்றிய தமிழர்’ எனப் போற்றப்பெறும் ஏ. கே. செட்டியார்.

கடற்பயணம் தமிழர்க்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினமும் கொற்கையும் கலங்களால் பொலிந்தமையைச் சங்க நூல்கள் கூறுகின்றன. சோழ மன்னன் முதலாம் இராசேந்திரனின் கப்பற்படை கடாரம் வரை சென்று மீண்டது. பிற்காலத்திலும் வணிகர் பொருள் ஈட்டக் கப்பலேறினர்; ஏழைத் தொழிலாளர் வயிறு வளர்க்கக் கப்பலேறினர். ஆயினும் இவ்வாறு சென்றவருள் தாம் கண்டதை எழுதி வைத்தவர் மிகச் சிலர். வணிகர் கணக்கு எழுதினர். தொழிலாளருட் பலர் எழுத்தறியாதவர். ஆதலின், இலட்சக்கணக்கான தமிழர் கடல் கடந்தும், அக்கடலைப் பற்றியும் அதற்கு அப்பாலுள்ள நாடுகளைப் பற்றியும் நம் மொழியில் எழுந்த நூல்கள் மிகக் குறைவாகவே இருந்தன. அக்குறையைப் போக்க வந்தவர் செட்டியார்.

செட்டி நாட்டைச் சேர்ந்த கோட்டையூரில், 1911ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கருப்பன் செட்டியார் பிறந்தார். காரைக்குடிக்கு அண்மையிலுள்ள அவ்வூர், நகரத்தார் வாழும் ஊர்களுள் ஒன்று. அக்காலத்தில் நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் பெரும் வணிகம் நடத்தி வந்தனர். வீட்டுக்கு ஒருவரேனும் கடல் கடந்து சென்றிருப்பர். அவர்களுடைய வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து தேக்கு மரங்கள் கப்பலில் வந்து இறங்கின. எனவே, கடலைக் கண்ணால் காணாத சிறுவரும் அந்நாட்டில் கப்பலின் கதையைக் கேட்டே வளர்ந்தனர். ஆனால் கருப்பன் செட்டியாரின் உள்ளம் பெட்டியடியிலும் கணக்கேட்டிலும் செல்லவில்லை. எழுத்திலும், உலகைக் காண்பதிலுமே அது நாட்டங் கொண்டது.

இளமையிலேயே அவர் இரங்கூன் நகரம் சென்று, அங்கு நடைபெற்ற ‘தன வணிகன்’ என்னும் தமிழ் இதழின் ஆசிரியரானார். சென்னைக்கும் இரங்கூனுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் மைல் கடல் உள்ளது. அக்காலத்தில் இக்கடலை நீராவிக் கப்பல்கள் ஓயாது கடந்து சென்றன. மேல்தட்டில் பாயை விரித்துக்கொண்டு செல்லும் ஏழைத் தொழிலாளரும், தனியறையில் செல்லும் செல்வரும் ஒரே கப்பலில் ஒரே திசை நோக்கிச் சென்றனர். இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர்க்கு அக்கப்பல் ஓர் உலகமாகவே தோன்றியிருக்கும் அன்றோ?

அந்நாளில் வெளிநாட்டுப் பயணம் இன்று போல் எளிதாக இருந்ததில்லை. வானூர்திப் பயணம் அப்போது மிகச் சிலர்க்கே வாய்த்தது. கப்பல் என்று புறப்படும், எந்தெந்தத் துறைமுகத்தில் தங்கும், அங்கிருந்து அடுத்த கப்பல் என்று கிடைக்கும் என்பனவற்றைப் பல திங்கள் முன்னரே ஆராய்ந்து வைத்தல் வேண்டும். கடவுச்சீட்டும், அம்மை குத்திக்கொண்டதற்கான சான்றும் கையில் இருத்தல் வேண்டும். ஒரு கப்பலைத் தவற விட்டால் அடுத்த கப்பலுக்காகப் பல நாள் காத்துக் கிடக்க நேரும். எனவே, நன்கு திட்டமிடத் தெரியாதவன் பயணத்தில் பெருந்துன்பம் அடைவான். அறிமுகமற்ற நாட்டில் இறங்குபவனுக்கு, அங்கு முன்னரே சென்று வந்தவர் சொல்லும் ஒரு சொல் நூறு வெள்ளிக்கு ஒப்பாகும்.

பயணத்தைத் திட்டமிட்டுப் பலரும் கூடிச் செல்லும் வழக்கத்தை மேனாட்டில் பெரிதும் வளர்த்தவர் தாமசு குக்கு என்னும் ஆங்கிலேயர். அவர் 1841ஆம் ஆண்டில் இலெசுட்டர் என்னும் நகரிலிருந்து ஏறத்தாழ ஐந்நூறு மக்களை ஒரே புகைவண்டியில் அழைத்துச் சென்றார். 1872ஆம் ஆண்டில் சிறு குழுவினரோடு உலகையே சுற்றி வரப் புறப்பட்டார். அவர் காட்டிய வழியில், கப்பலேறி உலகம் சுற்றுவது செல்வர்க்கு ஒரு பொழுதுபோக்காயிற்று. ஆயினும், பணம் படைத்தவர் பலர் கூடிச் செல்லும் அவ்வழி செட்டியாரின் வழியன்று. அவர் பெரும்பாலும் தனியே சென்றார். ஆனால் தாம் கண்டதைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. தம் நூலைப் படிக்கும் தமிழர் ஒவ்வொருவரையும் அவர் உடன்பயணியாக ஆக்கிக்கொண்டார்.

புகைப்படக் கலை கற்கும் வேட்கையால் செட்டியார் 1935ஆம் ஆண்டில் சப்பான் நாட்டுக்குச் சென்றார். தோக்கியோ நகரில் அக்கலையைப் பயின்றார். நம் நாட்டு இளைஞர் மேற்படிப்பு என்றால் இங்கிலாந்தை மட்டுமே எண்ணியிருந்த காலம் அது. கீழ்த்திசையிலே ஒரு நாடு கைத்தொழிலில் முன்னேறி நிற்பதைக் கண்ட செட்டியார், அந்நாட்டு மக்களின் ஒழுங்கையும் உழைப்பையும் உற்று நோக்கினார். அவற்றைத் ‘சப்பான்’ என்னும் நூலாக எழுதினார். பின்னர் அமெரிக்கா சென்று, 1937ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரிலும் புகைப்படக் கலை பயின்றார்.

அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் அவர் வாழ்வில் மறக்கவியலாத நாளாயிற்று. அன்று அவர் ‘சமாரியா’ என்னும் கப்பலில் நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நாட்டின் தபிளின் நகரை நோக்கிச் சென்றுகொண்டிருந்தார். சமாரியா ஒரு பெரிய கப்பல். 1923ஆம் ஆண்டில் உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றி வந்த கப்பலும் அதுவே. நாற்புறமும் அட்லாண்டிக்குப் பெருங்கடல். நிலம் கண்ணுக்குத் தெரியவில்லை. அன்று காந்தியடிகளின் பிறந்த நாள் என்பது செட்டியாரின் நினைவுக்கு வந்தது. அடிகளின் வாழ்க்கையை ஓர் உண்மைப் படமாக எடுத்து, உலக மக்கள் அனைவர்க்கும் காட்டினால் என்ன என்னும் எண்ணம் அக்கப்பலிலே அவருள்ளத்தில் முளைத்தது. அப்போது அவருக்கு இருபத்தாறு வயதும் நிரம்பவில்லை. கையில் பெரும்பொருள் இல்லை. துணை நிற்கப் பெருநிறுவனமும் இல்லை. இருந்தது ஓர் எண்ணமும், அதனைச் செய்து முடிக்கும் உறுதியுமே.

காந்தியடிகளின் வாழ்விலும் கடற்பயணம் பெரும்பங்கு பெற்றது என்பதை இங்கு நினைவு கூர்தல் தகும். 1888ஆம் ஆண்டில் சட்டம் பயில அவர் பம்பாயிலிருந்து கப்பலேறினார். 1893ஆம் ஆண்டில் ஒரு வழக்கின் பொருட்டுத் தென்னாப்பிரிக்கா சென்றார். 1909ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்புகையில், ‘கில்டோனன் காசில்’ என்னும் கப்பலில் இருந்தபடியே ‘இந்திய சுயராச்சியம்’ என்னும் நூலைப் பத்து நாட்களில் எழுதி முடித்தார். வலக்கை சோர்ந்தபோது இடக்கையாலும் எழுதினார். அடிகளின் சிந்தனை கடல்மேல் நூலாயிற்று. அவ்வடிகளைப் பற்றிய படமும் கடல்மேலேயே கருக்கொண்டது. பயணம் பொழுதைப் போக்குவதற்கு மட்டுமன்று. தனித்திருந்து சிந்திப்போர்க்கு அது பெருஞ்செயல்களின் தொட்டிலாகவும் அமையும் என்பதற்கு இவை சான்றாகும்.

எண்ணுதல் எளிது, செய்தல் அரிது. காந்தியடிகளை முப்பது ஆண்டுகளாகப் பல நாட்டுப் படப்பிடிப்பாளர் சிறிது சிறிதாகப் படம் பிடித்திருந்தனர். அப்படச் சுருள்கள் உலகின் பல மூலைகளில் சிதறிக் கிடந்தன. எந்தச் சுருள் எந்த நாட்டில் யாரிடம் உள்ளது என்பதைக் கூறும் பட்டியல் ஏதும் இல்லை. ஒவ்வோரிடத்துக்கும் கடிதம் எழுதியும் நேரிற் சென்றும் தேட வேண்டியிருந்தது. அந்நாளைய படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றக் கூடியவை. அவற்றைப் பாதுகாப்பாகக் கொண்டு வருதலே ஒரு தனித்தொல்லை. மேலும், இந்தியா அப்போது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. அவ்வாட்சியை எதிர்த்து நின்ற தலைவரைப் பற்றிய படம் எடுப்பதற்கு மிக்க துணிவு வேண்டும். படத்தை எடுத்து முடித்தாலும் அதனைத் திரையிட இடம் கிடைக்குமோ என்பது ஐயமாகவே இருந்தது.

செட்டியார் தளரவில்லை. ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, அன்பர்களின் உதவியைப் பெற்று, மீண்டும் கப்பலேறினார். இரண்டரை ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ ஓர் இலட்சம் மைல் பயணம் செய்தார். பூமியின் சுற்றளவு இருபத்தையாயிரம் மைல் எனக் கொண்டால், அவர் சென்ற தொலைவு உலகை நான்கு முறை சுற்றுவதற்குச் சமமாகும். இவ்வாறு அலைந்து, ஏறத்தாழ நூறு படப்பிடிப்பாளர்கள் எடுத்த ஐம்பதினாயிரம் அடி நீளமுள்ள படத்தைச் சேர்த்தார். பூக்களைக் கொய்து வருவது ஒரு வேலை; அவற்றுள் வாடாதவற்றைத் தெரிந்து மாலையாகத் தொடுப்பது மற்றொரு வேலை. இரண்டனையும் அவர் செய்தார். சேர்த்தவற்றுள் தக்கனவற்றைத் தெரிந்து, பன்னீராயிரம் அடியாக அமைத்தார்.

இப்பயணத்தில் அவர் தென்னாப்பிரிக்காவுக்கும் சென்றார். தர்பன் நகரின் அருகே அடிகள் 1904ஆம் ஆண்டில் அமைத்த பீனிக்சுக் குடியிருப்பையும், சோகன்னசுபர்க்கின் அருகே 1910ஆம் ஆண்டில் அமைத்த தால்சுதாய்ப் பண்ணையையும் படம் பிடித்தார். தர்பன் துறைமுகம் தமிழர் நெஞ்சில் ஒரு துயர நினைவை எழுப்பும் இடமாகும். 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல் அங்குச் சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்கச் சென்ற மக்கள் அதில் இருந்தனர். அவர்கள் விரும்பித் திட்டமிட்டுச் சென்ற பயணம் அன்று அது. அவர்களுள் பலர் பிறந்த ஊரை மீண்டும் காணவேயில்லை. தாம் பட்டதைச் சொல்லி அழவும் அவர்க்கு உறவினர் அருகில் இல்லை. அம்மக்களின் வழித்தோன்றல்களே பின்னாளில் அடிகளின் அறப்போரில் முன்னின்றனர். தில்லையாடி வள்ளியம்மை என்னும் இளம்பெண் அப்போரில் சிறை சென்று, நோயுற்று உயிர் நீத்தாள். அத்தகைய மக்கள் வாழ்ந்த மண்ணைப் படம் பிடித்துத் தாய்நாட்டார் கண்முன் கொண்டு வந்தது செட்டியாரின் அருந்தொண்டாகும்.

1940ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் சென்னையில் ‘மகாத்மா காந்தி’ என்னும் படம் தமிழ் விளக்கத்தோடு வெளியாயிற்று. அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. மக்கள் அடிகளின் தோற்றத்தையும் நடையையும் திரையிலே கண்டு வியந்தனர். பின்னர் அப்படம் தெலுங்கிலும் வந்தது. நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில் இந்தி விளக்கத்தோடு தில்லியில் திரையிடப் பெற்றது. செட்டியார் மீண்டும் அமெரிக்கா சென்று ஆங்கில வடிவத்தையும் உருவாக்கினார். அது 1953ஆம் ஆண்டில் அந்நாட்டில் வெளியாயிற்று. கப்பலின் மேல்தட்டில் முளைத்த ஒரு விதை, இவ்வாறு பல மொழிகளில் கிளைத்துத் தழைத்தது.

படம் முடிந்த பின்னும் செட்டியாரின் பயணம் முடியவில்லை. 1943ஆம் ஆண்டில் அவர் ‘குமரி மலர்’ என்னும் இதழைத் தொடங்கினார். தம் வாழ்நாளின் இறுதி வரை அதனை நடத்தினார். ஆரவாரமான விளம்பரமோ, கண்ணைப் பறிக்கும் படங்களோ அதில் இல்லை. பழைய இதழ்களில் புதைந்து கிடந்த அரிய கட்டுரைகளையும், நாட்டு வரலாற்றுக்கு உதவும் செய்திகளையும் தேடி எடுத்து அவர் அதில் வெளியிட்டார். உலகெங்கும் படச்சுருளைத் தேடிய அதே கை, நூலகங்களில் பழந்தாள்களைத் தேடியது.

‘உலகம் சுற்றும் தமிழன்’, ‘மலேயா முதல் கனடா வரை’, ‘அமெரிக்க நாட்டிலே’, ‘கரிபியன் கடலும் கயானாவும்’, ‘குடகு’ முதலிய நூல்கள் அவர் நமக்கு அளித்த பயணச் செல்வங்கள். இவற்றுள் கரிபியன் கடற்பகுதியைப் பற்றிய நூல் சிறப்பாகக் கருதத்தக்கது. அங்கும் ஒப்பந்தக் கூலிகளாக இந்திய மக்கள் கொண்டு செல்லப்பட்டனர். சென்னைத் துறைமுகத்திலிருந்து கயானாவுக்குச் சென்ற தமிழரும் அவர்களுள் இருந்தனர். தாய்மொழியை மறந்துவிட்ட அவர்தம் வழித்தோன்றல்களை, தாய்நாட்டுத் தமிழரும் மறந்திருந்தனர். அவ்விரு சாராரையும் மீண்டும் ஒருவர்க்கொருவர் அறிமுகம் செய்வித்தது செட்டியாரின் எழுதுகோல்.

அவருடைய நடை எளியது, சொற்கள் சில, செய்திகள் பல. மாட மாளிகைகளை மட்டும் வருணித்து மலைக்கவைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. மக்கள் எவ்வாறு உண்கின்றனர், எவ்வாறு உழைக்கின்றனர், அயலாரிடம் எவ்வாறு பழகுகின்றனர் என்பனவே அவர் கருத்தைக் கவர்ந்தன. நகைச்சுவை ஆங்காங்கே மெல்லத் தலைகாட்டும். பிறநாட்டில் நல்லது கண்டபோது மனமாரப் பாராட்டினார். அதனால் தம் நாட்டை இழித்துக் கூறவில்லை. இவை எல்லாவற்றிலும் மேலாக, அவர் தம்மைப் பற்றிப் பேசுவதை அறவே விரும்பவில்லை. ஆயிரமாயிரம் படங்களை எடுத்த அவருடைய உருவப்படங்கள் மிகச் சிலவே கிடைக்கின்றன. பயணம் சென்ற இடந்தோறும் தம் உருவத்தையே முன்னிறுத்திக் காட்டுவோர் பலருளர். செட்டியாரோ தாம் கண்டதைக் காட்டினார், தம்மைக் காட்டவில்லை.

தாம் கண்டதை மட்டும் பகிர்ந்துகொள்வதோடு அவர் அமையவில்லை. பிறர் கண்டதையும் தேடித் தொகுத்தார். பற்பலர் நம் நாட்டில் பயணம் செய்து எழுதிய பழைய கட்டுரைகளைத் திரட்டி, 1968ஆம் ஆண்டில் ‘தமிழ்நாடு’ என்னும் தொகுப்பாக வெளியிட்டார். மாட்டு வண்டியிலும் புகைவண்டியிலும் நம் முன்னோர் சென்ற வழிகளை அத்தொகுப்பில் காணலாம். தென்னாட்டின் முதற் புகைவண்டி 1856ஆம் ஆண்டு சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து ஆவடி, திருவள்ளூர் வழியாக வாலாசா ரோடு வரை ஓடியது. அதற்கு முன் அவ்வழியே சென்றவர் பல நாள் வண்டியில் குலுங்கிச் செல்ல வேண்டியிருந்தது. இத்தகைய மாறுதல்களை அக்காலத்தில் கண்டவர் எழுதி வைக்காவிடில் நாம் எங்ஙனம் அறிவோம்? அயல்நாட்டைக் கண்டு எழுதுவது போலவே, சொந்த நாட்டைக் கண்டு எழுதுவதும் நற்பணியே என்பதைச் செட்டியார் இத்தொகுப்பால் உணர்த்தினார்.

காந்திப் படத்துக்காகத் தாம் மேற்கொண்ட நெடும்பயணத்தின் வரலாற்றை, அவர் தம் முதுமையில் குமரி மலரில் எழுதினார். 1983ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அவர் இயற்கை எய்தினார். அவருடன் குமரி மலரும் நின்றுபோயிற்று. இதனினும் வருந்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஓர் இலட்சம் மைல் அலைந்து அவர் உருவாக்கிய படத்தை நெடுங்காலம் யாரும் காண இயலவில்லை. அதன் படிகள் இருக்குமிடம் தெரியாமற் போயின. பிற்காலத்தில் ஆங்கில வடிவம் ஒன்றே அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கண்டறியப் பெற்றது. ஆனால் பயணத்தைப் பற்றி அவர் எழுதியது அழியவில்லை. அது 2003ஆம் ஆண்டில் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்னும் நூலாக வெளிவந்து, இன்றும் படிக்கப்படுகிறது. பெரும்பொருள் செலவிட்டுச் செய்த படம் மறைந்திருந்த காலத்திலும், எளிய தாளில் எழுதிய சொற்கள் அதன் வரலாற்றைக் காத்து நின்றன. கண்டதை எழுதி வைத்தலின் அருமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மாணவர்களே! கப்பலேறி உலகைச் சுற்றும் வாய்ப்பு உங்களுள் சிலர்க்கு வருங்காலத்தில் கிட்டலாம். அதுவரை காத்திருக்க வேண்டுவதில்லை. அம்பத்தூரில் வாழும் மாணவர் அவ்வூர் ஏரிக்கரைக்கு ஒரு நாள் செல்லலாம். ஆவடியில் உள்ளவர் அருகேயுள்ள திருமுல்லைவாயில் திருக்கோயிலைக் காணலாம். பூவிருந்தவல்லியில் உள்ளவர் திருக்கச்சி நம்பிகள் பிறந்த தம் ஊரின் பழமையை முதியோரிடம் கேட்டறியலாம். எங்குச் செல்லினும், செல்லுமுன் நண்பரோடு கூடித் திட்டமிடுங்கள். சென்ற இடத்தில் கண்ணையும் காதையும் திறந்து வையுங்கள். மீண்டு வந்ததும், கண்டதைக் கண்டவாறே எழுதி, வர இயலாத தோழர்க்குப் படித்துக் காட்டுங்கள். அவ்வாறு நீங்கள் எழுதும் ஒவ்வொரு தாளும், உலகம் சுற்றிய அத்தமிழர்க்கு நீங்கள் செய்யும் சிறந்த வணக்கமாகும்.